வாசகர் கேள்வி – பதில்: பீட்டில் இன்ஜினுக்குக் காற்று வேண்டும், மழை வேண்டாம்

பருவமழை நெருங்கும் நேரத்தில் வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் பற்றியவை. காரின் பின்பக்கத்தில் இருக்கும், ரேடியேட்டர் இல்லாமல் காற்றாலேயே குளிரும் இன்ஜின் அதற்கு. காற்று வர வழி விட்டால் மழையும் வருகிறது, மழையை அடைத்தால் காற்று நிற்கிறது என்பதுதான் பலரின் குறை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறோம்.

கே: என்னுடையது 1968 மாடல் 1500 பீட்டில். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஆயில் சூடு மிக அதிகமாகிறது. இன்ஜின் மூடியின் கீழ்ப்பக்கம் இரண்டு அங்குலம் திறந்தே நிற்கும்படி கம்பி வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வைக்கலாமா? (வாசகர், கோவை)

ப: வைக்காதீர்கள். காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறுகிறது என்று பார்த்தால் காரணம் புரியும்.

பின்கண்ணாடிக்குக் கீழே உள்ள துளை வரிசை வழியாகத்தான் வெளிக்காற்று இன்ஜின் அறைக்குள் வருகிறது. டைனமோவோடு சேர்ந்து சுற்றும் விசிறி அதை இழுத்து, ஷ்ரவுட் என்னும் தகரக் கூட்டுக்குள் தள்ளி, சிலிண்டர்களின் மீது இறக்குகிறது. சூடான காற்று காருக்கு அடியில் வெளியேறும். இன்ஜின் வேகமாக ஓடும்போது விசிறி நொடிக்குச் சுமார் 500 லிட்டர் காற்றைத் தள்ளும். பத்துக்குப் பத்து அறையின் காற்று முழுவதையும் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடும் அளவு அது. இவ்வளவையும் இழுப்பதால் இன்ஜின் அறைக்குள் எப்போதும் உறிஞ்சல் இருக்கும். எங்கே ஓட்டை இருந்தாலும் அந்த வழியாகக் காற்று உள்ளே ஏறும்.

மூடியின் கீழ்விளிம்பு சைலன்சருக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே இரண்டு அங்குலம் திறந்து வைத்தால் உள்ளே போவது சைலன்சரின் சூடும் சாலைப் புழுதியும்தான். ஒருமுறை சுட்ட காற்றையே இன்ஜின் மறுபடி குடிக்கும். மேல்பக்கக் கீலில் வாஷர் வைத்துத் தூக்கினால் சூடு ஏறாது, ஆனால் மழை நேராக டைனமோ மீதும் கார்புரேட்டர் மீதும் விழும். மாற்றம் செய்யாத 1500 இன்ஜினுக்கு மூடி முழுக்க மூடியிருக்கும்போதே காற்று போதும். போதவில்லை என்றால் கோளாறு கீழே இருக்கிறது, மேலே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது இன்ஜினைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங். இன்ஜின் தகடுகளின் விளிம்பு பாடியில் பொருத்திய இந்த ரப்பருக்குள் செருகி நிற்கும். மேலே குளிர்ந்த அறை, கீழே சுட்ட பகுதி என்று பிரிப்பது இதுதான். நம் ஊரில் பல கார்களில் இது காய்ந்து உதிர்ந்திருக்கும், அல்லது இன்ஜினை இறக்கி ஏற்றும்போது மடங்கிக் கீழே தொங்கும். சோதிப்பது எளிது. இரவில் காருக்கு அடியில் ஒரு டார்ச்சை எரியவிட்டு, மூடியைத் திறந்து மேலிருந்து பாருங்கள். வெளிச்சம் தெரியும் இடமெல்லாம் சூடு ஏறும் இடம். ஊதுபத்திப் புகை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். பெட்ரோல் இருக்கும் இடத்தில் அது ஆகாது. புது ரப்பரை இன்ஜின் கீழே இறங்கியிருக்கும்போது மாட்டுவதே சரி. சோப்புத் தண்ணீர் தடவினால் தகடு வழுக்கிக்கொண்டு உட்காரும்.

இரண்டாவது, ஹீட்டர் குழாய் துளைகள். நமக்கு ஹீட்டர் எதற்கு என்று, புகைக்குழாயின் சூட்டால் காற்றைச் சூடாக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்டு வெறும் ஜே வடிவக் குழாய் போட்டிருப்பார்கள். அப்போது ஷ்ரவுடின் இரு பக்கமும் இரண்டு வாய்கள் திறந்து நிற்கும். சிலிண்டருக்குப் போக வேண்டிய காற்று அதில் வீணாகும். அந்தக் குழாய்கள் இறங்கிய பின்தகட்டிலும் இரண்டு துளைகள் இருக்கும். அவை வழியாகச் சுட்ட காற்று மேலே வரும். நான்கையும் தகர மூடி போட்டு அடையுங்கள். துணியைத் திணிக்கும் பழக்கம் ஆபத்தானது. துணி கழன்றால் நேரே விசிறிக்குத்தான் போகும்.

மூன்றாவது, ஸ்பார்க் பிளக் வயர்கள் தகட்டைக் கடக்கும் இடத்தில் உள்ள நான்கு ரப்பர் மூடிகள். இவை சின்னச் சாமான் என்று யாரும் கவனிப்பதில்லை. ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் துளை வழியாக, சிலிண்டர் மேல் பாய வேண்டிய காற்று பீறிட்டு வெளியேறும். நான்காவது, சிலிண்டர்களுக்கு அடியில், புஷ்ராட் குழாய்களுக்கு மேலே இருக்கும் காற்றுத் தடுப்புத் தகடுகள். ஓவர்ஹால் செய்தபோது விட்டுப்போயிருந்தால் காற்று சிலிண்டரைச் சுற்றி வராமல் நேரே கீழே ஓடிவிடும். பின்னால் கீழே படுத்து டார்ச் அடித்தால் தெரியும்.

விசிறியின் வாயையும் மறக்காமல் பாருங்கள். அது நம் கண்ணுக்குத் தெரியாத முன்பக்கத்தில், பின்சீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் தார் அட்டை பழசானால் தொங்கி, இன்ஜின் ஓடும்போது உறிஞ்சப்பட்டு வாயை அடைத்துக்கொள்ளும். நிறுத்தினால் மறுபடி பின்னால் போய்விடுவதால் மெக்கானிக் கண்ணில் படாது. ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பாருங்கள். தொங்கினால் கிழித்தெடுத்துவிட்டுப் புது அட்டையைத் தகட்டு வாஷரோடு இறுக்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மலையில் ஆயில் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பெல்ட் தளர்வு (கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. இறங்க வேண்டும்), பொறி விழும் நேரம் (டைமிங்), கார்புரேட்டர் கலவை என்ற வரிசையில் பாருங்கள். மூடிக்குக் கடைசியில்கூட வர வேண்டியிருக்காது.

கே: தெர்மோஸ்டாட்டையும் ஷ்ரவுடுக்குள் இருக்கும் மடல்களையும் கழற்றி எறிந்துவிட்டால் நம் வெயிலுக்கு நல்லது என்கிறார் எங்கள் மெக்கானிக். சரியா? (வாசகர், திருச்சி)

ப: சரியல்ல. தெர்மோஸ்டாட் 65 முதல் 70 டிகிரியில் மடல்களை முழுக்கத் திறந்துவிடும். அதன் பிறகு அது எதையும் தடுப்பதில்லை. மடல்கள் காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பிவிடும் வேலையையும் செய்கின்றன. தெர்மோஸ்டாட் பழுதானாலும் அதன் துருத்தி விரிந்து மடல்களைத் திறந்த நிலையில் நிறுத்தும்படிதான் செய்திருக்கிறார்கள். இருப்பதை இருக்க விடுங்கள். கம்பி துருப்பிடித்து மடல் மூடியபடி சிக்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கே: பழைய மூடி துருப்பிடித்துப்போனதால் நான்கு தொகுதித் துளைகள் உள்ள மூடி வாங்கிப் போட்டேன். ஒரு மழை பெய்தால் மறுநாள் காலை ஸ்டார்ட் ஆவதில்லை. துளைகளை அடைத்துவிடலாமா? (வாசகர், சென்னை)

ப: நீங்கள் வாங்கியது 1972 மாடலில் வந்த வகை மூடி. மூடியில் துளை போடுவது அதற்கு முன்பே திறந்த மாடலான காப்ரியோலேயில் இருந்தது. ஆஸ்னாப்ரூக்கில் கார்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை கட்டிய கார் அது. கூரையை மடித்துப் பின்னால் வைத்தால் கண்ணாடிக்குக் கீழே துளைக்கு இடமில்லை. அதனால் மூடியிலேயே வெட்டினார்கள். வெட்டியவர்கள் உள்பக்கம் ஒரு மழைத் தட்டும் வைத்தார்கள். உங்களுக்கும் அந்தத் தட்டுதான் வேண்டும்.

தட்டு வேலை செய்யும் விதம் இது: துளை வழியாக வரும் காற்று தட்டில் மோதி, மேல்நோக்கித் திரும்பி, தட்டின் மேல்விளிம்பைத் தாண்டி உள்ளே போகும். கனமான மழைத்துளியால் அப்படி ஏற முடியாது. தட்டில் வழிந்து கீழே உள்ள வாய்க்காலில் சேர்ந்து குழாய் வழியாக வெளியேறும்.

டின்கர் கடையில் செய்துகொள்ளலாம். 0.8 மி.மீ. அலுமினியத் தகடு போதும். துளைகள் உள்ள பரப்பைவிட எல்லாப் பக்கமும் 25 மி.மீ. பெரிதாக வெட்டுங்கள். இரு பக்கமும் அடியும் மூடியோடு ஒட்டி அடைபட வேண்டும். மேல்பக்கம் மட்டும் முழு அகலத்துக்கும் திறந்திருக்க வேண்டும். மூடிக்கும் தட்டுக்கும் இடைவெளி 40 மி.மீ. அளவில் தொடங்குங்கள். கணக்கு ஒன்றுதான்: மேல்பக்கத் திறப்பின் பரப்பு, துளைகளின் மொத்தத் திறப்பைவிடக் குறையவே கூடாது. குறைந்தால் மழையோடு காற்றையும் தடுத்துவிடுவீர்கள்.

அடி வாய்க்கால் வலப்பக்கம் சரிய வேண்டும். பின்னால் நின்று பார்க்கும்போது பொறிக்கு மின்சாரம் தரும் காயிலும், அதைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரும் இடப்பக்கம் இருப்பதே காரணம். வலக்கோடியில் 12 மி.மீ. குழாய் வைத்து மூடியின் கீழ்விளிம்பு வரை கொண்டுபோங்கள். அதைவிடச் சின்னக் குழாய் வேப்பிலை இரண்டு விழுந்தாலே அடைத்துக்கொள்ளும்.

திருகுவதற்கு முன் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டைனமோ புல்லி, ஏர் கிளீனர், கார்புரேட்டரின் சோக் பக்கம் ஆகியவற்றின் மேல் பிசைந்த சப்பாத்தி மாவை உருண்டையாக வைத்து மூடியை மெல்ல அழுத்தி மூடித் திறங்கள். நசுங்கிய மாவின் கனம்தான் மிச்சமுள்ள இடைவெளி. 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் அந்த இடத்தில் தட்டை மூடிப் பக்கமாக உள்வாங்கி வளையுங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும் என்பதை மறக்க வேண்டாம். மூடியின் வெளித்தகட்டில் துளை போடாதீர்கள். உள்சட்டத்தில் 6 மி.மீ. திருகு போட்டு, விளிம்பில் நுரை ரப்பர் பட்டை வைத்து இறுக்கினால் அதிராது.

தட்டு வரும்வரை, நிறுத்திவைக்கும்போது மட்டும் துளைகளின் மேல் ரெக்சின் துண்டு போட்டுக் காந்தத்தால் பிடித்துவையுங்கள். ஓட்டும் முன் எடுத்தாக வேண்டும்.

கே: நின்றிருக்கும்போது பிரச்சினை இல்லை. மழையில் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டி குதித்துக் குதித்துப் போகிறது. வெயில் வந்ததும் தானாகச் சரியாகிறது. (வாசகர், கண்டி)

ப: மின்சாரம் எங்கோ ஈரத்தில் ஒழுகுகிறது. இருட்டிய பிறகு வெட்டவெளியில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, செடிக்குத் தெளிக்கும் பாட்டிலால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, வயர்கள் மேல் ஒவ்வொன்றாகப் பனிபோலத் தெளியுங்கள். எங்கே நீலப் பொறி ஓடுகிறதோ அதுவே குற்றவாளி. கையையும் சட்டை முனையையும் பெல்ட்டுக்கு எட்டாமல் வையுங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்பக்கத்தைச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல மெல்லிய கருங்கோடு இருந்தால் அந்த மூடி போய்விட்டது. உப்புத்தாளால் தேய்த்தால் ஒரு வாரம் ஓடும், பிறகு மீண்டும் வரும். புதிது போடுங்கள். கோடு இல்லையென்றால் உலர்ந்த துணியால் துடைத்து, வயர் செருகும் குழிகளில் சிலிக்கான் கிரீஸ் துளி வைத்து, ரப்பர் தொப்பியை அடிவரை தள்ளுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.4 மி.மீ. இருக்கட்டும், பொறி பலவீனமாக இருந்தால் சிறிய ஈரமும் பெரிதாகத் தெரியும். காயிலின் கழுத்து மேலே பார்த்திருந்தால் அதில் தண்ணீர் தேங்கும். பழைய பிடியில் இருந்த சாய்வுக்கே திருப்புங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் மேல் பிளாஸ்டிக் பை கட்டும் வழக்கத்தைப் பலர் கேட்டிருக்கிறார்கள். உள்ளே ஈரம் அடைபட்டுப் பாயின்ட் கரியும். பை கழன்றால் விசிறி இழுத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஏர் கிளீனர். வட்டமான சின்ன ஃபில்டரை மாற்றிப் போட்டிருந்தால் அது மழையை நேராகக் குடிக்கும். பழைய ஆயில் கிளீனர் தண்ணீரை உள்ளே விடாது. அடிக்கிண்ணத்தில் சிவப்புக் குறி வரை இன்ஜின் ஆயில் ஊற்றி அதையே மாட்டுங்கள். மழைக்காலத்தில் கிண்ணத்தின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

கே: வேளச்சேரியில் முழங்கால் தண்ணீரில் இரவு முழுக்க நின்ற பீட்டிலை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? (வாசகர், சென்னை)

ப: சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள்.

மற்ற கார்களில் இல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. கிராங்க் புல்லி இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் ரப்பர் சீல் கிடையாது. புல்லியின் கழுத்தில் திருகுபோல வெட்டிய பள்ளம்தான் சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. இன்ஜின் நின்றுவிட்டால் அந்த இடம் திறந்த வழி. தண்ணீர் பின்சக்கரத்தின் மையத்தைத் தாண்டி நின்றிருந்தால் ஆயில் நிற்கும் இன்ஜின் கூடான கிராங்க் கேஸுக்குள் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயில் குச்சியை இழுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்தாலோ பால்போல வெளுத்திருந்தாலோ தண்ணீர் இருக்கிறது. நிறம் மாறாவிட்டாலும் நம்ப வேண்டாம். கலக்காத தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். டிரெயின் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர்தான் வரும். முழுக்க வடித்து, ஆறு நட் உள்ள அடித்தகட்டைக் கழற்றிச் சல்லடையைக் கழுவி, இரண்டு புது கேஸ்கெட் போடுங்கள். அந்த நட்டுகளுக்கு 7 நியூட்டன் மீட்டர்தான் இறுக்கம். பலம் காட்டினால் ஸ்டட் கழன்று வரும். 2.5 லிட்டர் புது ஆயில் ஊற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, புல்லியைக் கையால் நாலைந்து சுற்று சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் ஸ்டார்ட் செய்யலாம். பதினைந்து நிமிடம் சூடாக ஓடிய பிறகு அந்த ஆயிலையும் மாற்றுங்கள். செலவுதான், ஆனால் பேரிங் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. கியர்பாக்ஸ் ஆயிலையும் பாருங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் கீழே இருப்பதால் அதைக் கழற்றிக் காய வைக்காமல் விடக்கூடாது.

கே: மழையும் பனியுமான காலையில் பத்து நிமிடம் ஓடியதும் வண்டி இழுவை இழந்து நின்றுவிடுகிறது. சற்று நேரம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. (வாசகர், கோத்தகிரி)

ப: கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்வதால், வெளியே 10 டிகிரி இருந்தாலும் ஈரக்காற்றில் இது நடக்கும். நின்றவுடன் கார்புரேட்டரின் கழுத்தைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருக்கும். இதைத் தடுக்கத்தான் இன்டேக் குழாயோடு ஒட்டி ஒரு மெல்லிய புகைக்குழாய் போகிறது. ஐந்து நிமிடம் ஓடியதும் அதன் இரண்டு முனைகளும் சுட வேண்டும். ஒரு முனை குளிர்ந்திருந்தால் உள்ளே கரி அடைத்திருக்கிறது, அல்லது புதிதாகப் போட்ட சைலன்சரின் கேஸ்கெட்டில் துளையே இல்லை. ஏர் கிளீனரின் மூக்குக்கு வரும் சுடுகாற்றுக் குழாயும் மலையில் இருப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

கே: ஆறு மாதம் ஷெட்டில் நின்ற கார். இப்போது ஒரு பக்கம் மட்டும் அதிகமாகச் சுடுகிறது. (வாசகர், மதுரை)

ப: எலிக்கூடு. ஷ்ரவுடுக்குள், சிலிண்டர் மேல் பஞ்சும் சருகும் அடைந்திருக்கும். இனி ஓட்ட வேண்டாம், தீப்பிடிக்கும். பெல்ட், கார்புரேட்டர், தெர்மோஸ்டாட் போல்ட், டைனமோ பட்டை, ஷ்ரவுடின் இரு பக்கத் திருகுகள் கழற்றினால் ஷ்ரவுட் மேலே வரும். கூட்டைக் கையுறையும் முகமூடியும் போட்டு அள்ளுங்கள். எலிச் சிறுநீரால் எலிக்காய்ச்சல் வரும். முதலிலேயே காற்றடித்தால் சருகு இன்னும் ஆழமாக, சிலிண்டரைக் குளிர்விக்கும் தகட்டு மடிப்புகளான ஃபின்களுக்குள் போகும். ஆயில் கூலரின் இடுக்குகளையும் பாருங்கள். அடுத்தமுறை நிறுத்தும்போது பின்கண்ணாடித் துளைகளுக்கு 6 மி.மீ. கம்பி வலை வைத்து, அதை எடுக்க வேண்டும் என்று சாவியில் ஒரு சீட்டுக் கட்டுங்கள்.

கே: இன்ஜின் அறையில் லேசாகப் பெட்ரோல் வாடை. மூடியைத் திறந்துவைத்து ஓட்டினால் போகிறது. (வாசகர், சேலம்)

ப: வாடையை வெளியேற்றுவது தீர்வல்ல. இப்போது பம்புகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய துணி பின்னிய ரப்பர் ட்யூபை அது உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பின்னல் மூடியிருப்பதால் விரிசல் தெரியாது. எத்தனால் தாங்கும் எரிபொருள் ட்யூபைத் தொட்டி முதல் கார்புரேட்டர் வரை எல்லா இடத்திலும் மாற்றி, ஒவ்வொரு முனையிலும் கிளிப் போடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாயைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினால் ஒருநாள் கழன்று டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் பெட்ரோலைப் பீய்ச்சும். பிளாஸ்டிக் ஃபில்டரை இன்ஜின் அறையிலிருந்து எடுத்துக் காருக்கு அடியில், கியர்பாக்ஸ் பக்கத்தில் வையுங்கள். முன்தகட்டைப் பெட்ரோல் பைப் கடக்கும் துளையில் ரப்பர் வளையம் இல்லையென்றால் தகட்டு விளிம்பு பைப்பை அறுத்துவிடும். அதையும் போட்ட பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.